மைக்கில் விழாத ஓம்

விமானத்தின் பின்கதவு பலகை போலத் தாழ்ந்து திறந்திருந்தது. இடுப்புப் பட்டியை உள்தரையில் கொளுவிக்கொண்டு, அதன் விளிம்பில் முழங்காலில் இருந்தேன். எதிரே கானல். அதற்குள் ஒரு சிமெந்துத் தடுப்பும் தண்ணீர் கொண்டுவரும் ஒரு பவுசர் லொறியும் நெளிந்துகொண்டிருந்தன. பவுசரின் நிழலில் ஒரு மண்ணிற நாய் படுத்திருந்தது.

நாங்கள் பின்னோக்கிப் போக வேண்டும். எங்கள் விமானத்துக்கு அது முடியும். சுழலிகளின் தகடுகளைத் திருப்பிவிட்டால் காற்று முன்பக்கமாகத் தள்ளும், விமானம் பின்னால் போகும். ஒரு குறை மட்டும்: விமானிகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவர்களுடைய கண்ணாடி நான்தான்.

காதுக்குள் கேப்டன் ஹோகுனின் குரல் வந்தது. "பின்னாலை வழி கிடக்கோ?"

இடம் பார்த்தேன். வலம் பார்த்தேன். நாயைப் பார்த்தேன். எல்லாம் சரி.

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. என் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. நாய் எழும்பி, உடம்பை உதறிவிட்டு, மறுபக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டது.

போடுற பிளேனோ, ஏத்துற பிளேனோ

இந்த இதழில்தான் என்னை முதன்முதலில் சந்திக்கிறீர்கள் என்றால்: நான் அபிராமி, ஒஸ்லோவின் குரோருட்டில் வளர்ந்தவள், நோர்வே விமானப்படையின் சரக்கு விமானத்தில் லோட்மாஸ்டர். ஏற்றும் சாமானை எங்கே வைத்தால் விமானம் சமநிலையில் பறக்கும் என்று கணக்குப் பார்ப்பது, சங்கிலியால் கட்டுவது, கட்டியது அசையாமல் காவல் இருப்பது என் வேலை. நான் சொல்லுகிற காலத்தில் ஒஸ்லோவிலிருந்து வெகுதூரத்தில், ஒரு பாலைவன நாட்டில் சில மாதப் பணியில் இருந்தோம்.

அம்மா யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவர். நான் விமானப்படையில் சேரப்போகிறேன் என்று சொன்னபோது, அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அது போடுற பிளேனோ, ஏத்துற பிளேனோ?"

ஏத்துற பிளேன் என்றேன்.

"அப்ப லொறி," என்றார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேர்கனில் இருக்கும் சித்திக்கு நான் இன்றுவரை எயார் ஹோஸ்டஸ். சீருடையில் நிற்கும் படம் அனுப்பினேன், சங்கிலியும் கையுமாக நிற்கும் படமும் அனுப்பினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டிக்கெட்டில் விலைக் கழிவு தருவார்களா என்று கேட்டார்.

அம்மா சொன்னதுதான் சரி. லொறிதான். தண்ணீர், டயர், கூடாரம், மருந்துப் பெட்டி, நித்திரை முழிப்பில் வாடிய மனிதர்கள் என்று எது வந்தாலும் ஏற்றுவோம். ஒருமுறை ஒரு முகாமுக்கு ஒரே ஒரு சலவை இயந்திரத்தோடு பறந்தோம். விமானத்தின் நடுவில் அது தனியாக, நாலு பக்கமும் சங்கிலியோடு, கைதி மாதிரி நின்றது.

எங்கள் நாள்

காலையில் முதலில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். தேள் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒருநாளும் வரவில்லை, தூசிதான் வரும். பிறகு கோப்பி. பிறகு வானிலை. பிறகு மறுபடி கோப்பி. நோர்வே விமானக்குழு ஒன்றை எரிபொருள் இல்லாமல் பறக்கச் சொன்னாலும் யோசித்துப் பார்ப்பார்கள், கோப்பி இல்லாமல் ஏறமாட்டார்கள்.

பத்து மணிக்கு மேல் விமானத்தின் தோலில் கை வைக்க முடியாது. சங்கிலிகளை நிழலில் போட்டு வைப்போம். பறக்கும்போது உள்ளே குளிர் பிடித்துப் போர்வை தேடுவோம். இறங்கிக் கதவு திறந்ததும், யாரோ முகத்துக்கு நேரே கேக் சுடும் அடுப்பைத் திறந்ததுபோல இருக்கும். சனிக்கிழமைகளில் வாஃபல். வாஃபல் அச்சும் பிரவுண் சீஸும் எங்கள் முதல் விமானத்திலேயே வந்துவிட்டன. கூடாரத்தின் குளிரூட்டி பிறகுதான் வந்தது.

குழுவில் நாங்கள் நாலு பேர். அதில் இருவரைத் தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும். துணை விமானி சில்யே பேர்கன்காரி. பேர்கன் சனம் சத்தமாகவும் நிறுத்தாமலும் கதைக்கும் என்பார்கள். சில்யே அதை மறுத்துப் பேசத் தொடங்கினால் மதியச் சாப்பாடு வரை போகும். கேப்டன் ஹோகுன் நேரெதிர். நோர்வேயின் வடக்கு நுனி, பின்மார்க் மீன்பிடி ஊர் ஒன்றில் பிறந்தவர். ஒரு நாளைக்கு இவ்வளவு சொல் என்று யாரோ அளந்து கொடுத்ததுபோலப் பேசுவார்.

இவர்கள் கதைத்ததெல்லாம் நோர்வேஜிய மொழியில். அங்கே கேப்டனுக்கும் சமையல்காரருக்கும் ஒரே 'நீ'தான், மரியாதைப் பன்மை கிடையாது. நல்லகாலம், எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் ஒரு 'நீர்' இருக்கிறது. அதிலேயே எழுதுகிறேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் விடுகிறேன். அவர்கள் எங்கள் ஓமுக்குச் சொல்லும் 'யா'. ஏன் என்று இப்போது விளங்கும்.

உள்ளே இழுக்கிற யா

வடக்கு நோர்வேக்காரர் சிலர் யா சொல்லும்போது மூச்சை வெளியே விடுவதில்லை, உள்ளே இழுப்பார்கள். 'ஹ்யா' என்று ஒரு சின்ன விக்கல். குளிர்த் தண்ணீரில் கால் வைத்தவர்போல. அவர்களுக்கு அது முழுமையான, மனமார்ந்த சம்மதம்.

அம்மா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்த வடக்குப் பெண்ணிடம் ஏதோ கேட்டிருக்கிறார். அந்தப் பெண் இப்படி மூச்சை இழுத்திருக்கிறார். அம்மா பதறிப்போய்க் கதிரையை இழுத்துப்போட்டு இருத்தி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாராம். அந்தப் பெண்ணும் தமிழர் வழக்கம் இதுவாக்கும் என்று தடவலை வாங்கிக்கொண்டு இருந்தாராம்.

ஹோகுனின் யாவும் இந்த வகைதான். நேரில் நின்றால் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். விமானத்தில் அவர் முன்னால், நான் பின்னால், நடுவில் சலவை இயந்திரம். எங்கள் ஹெட்செட் மைக் இயந்திர இரைச்சலை வடிகட்டும்படி செய்யப்பட்டது. வாயிலிருந்து வெளியே வரும் குரலுக்குத் திறக்கும். உள்ளே போகும் மூச்சுக்கு அது ஏன் திறக்கப் போகிறது?

அவரோடு நெடுங்காலம் பறந்தவர்கள் அந்த மௌனத்தையே யா என்று எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். நான் அவர் குழுவுக்குப் புதியவள். விதி என்ன சொல்கிறதோ அதன்படி கேட்பவள். விதி சொல்கிறது: பின்னோக்கிப் போகும்போது பதில் கேட்கவில்லை என்றால் உடனே 'நில்' என்று சொல்.

எண்டால் என்ன?

இனி என் ஓம்.

நோர்வேஜிய மொழியிலும் 'ஓம்' உண்டு. உச்சரிப்பும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அங்கே அது நிபந்தனையின் தொடக்கம். நாங்கள் 'மழை வந்தால்' என்று கடைசியில் வைக்கும் 'ஆல்'ஐ அவர்கள் முதலில் வைப்பார்கள். 'ஓம்' என்று ஒருவர் சொல்லி நிறுத்தினால், நோர்வேக்காரர் காதில் அது பாதி வாக்கியம். மிச்சம் வரும்வரை காத்திருப்பார்கள்.

நான் ஒஸ்லோவில் பிறந்தவள். கனவிலும் நோர்வேஜியத்தில் சண்டை பிடிப்பவள். ஆனால் ஒரு வேலையில் முழுக்க மூழ்கினால் என் ஓம் தமிழில்தான் வரும். அது எனக்கே தெரியாது. கூட இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். சென்னையில் பிறந்திருந்தால் 'ஆமா' என்றிருப்பேன், இவள் அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்று ஹோகுன் நினைத்திருப்பார்.

ஆகவே அன்று நடந்தது இதுதான். பின்னால் வழி இருக்கிறதா என்று கேட்டார். நான் 'ஓம்' என்றேன். அவர் காதில் 'ஆல்' என்று விழுந்தது. என்ன ஆனால், எது நடந்தால் என்று தெரியாமல் அவர் காத்திருந்தார். அவர் பதிலுக்காக நான் காத்திருந்தேன்.

கடைசியில் அவர்தான் கேட்டார். "எண்டால் என்ன?"

எனக்கு இரைச்சலில் 'என்ன' மட்டும் கேட்டது. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இந்த முறை ஒழுங்காக நோர்வேஜியத்தில், வழி கிடக்குது, வாரும் என்றேன்.

ஹோகுன் மனதார மூச்சை உள்ளே இழுத்தார். விமானத்தைப் பின்னால் எடுத்தார்.

பதில் சொல்லாமலே விமானம் என் பக்கமாக வருகிறது. பின்னால் தடுப்பு, பவுசர், நாய். நான் விதிப்படி 'நில்' என்று கத்தினேன்.

பின்னோக்கி ஓடும் எங்கள் விமானத்தில் பிரேக்கை அழுத்தக்கூடாது, அழுத்தினால் வால் குந்திவிடும். அதனால் ஹோகுன் சுழலிகளை முன்பக்க விசைக்குத் தள்ளினார். விமானம் ஒரு குலுங்கு குலுங்கி, ஓடுபாதைக்குப் போகும் வழியில் குறுக்காக நின்றது. கோப்பிப் போத்தல் சில்யேயின் மடியில் கவிழ்ந்தது. நல்லகாலம், ஆறின கோப்பி. சில்யே சொன்னவற்றில் எதையும் இந்த இதழில் அச்சிட முடியாது.

வழி அடைபட்டு, வேறு நாட்டு விமானங்கள் வரிசையில் காத்து நின்றன. அதில் ஒருவர் எங்களைப் படம் எடுத்து, கீழே வாசகமும் எழுதி, முகாம் முழுக்க அனுப்பிவிட்டார். வாசகம்: 'நோர்வேக்காரர் வாகனம் நிறுத்துகிறார்கள்.'

மாற்று ஆள்

படம் மேஜருக்கும் போனது. மேஜர்தான் அங்கே எங்கள் எல்லோருக்கும் பொறுப்பு. நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர், அதனாலேயே பயம் வரும். எங்கள் இருவரையும் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார். நான் ஓமை விளங்கப்படுத்தினேன். ஹோகுன் மூச்சை இழுத்துக் காட்டினார். மேஜர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு சொன்னார். அடுத்த விமானத்தில் நோர்வேயிலிருந்து இன்னொரு லோட்மாஸ்டர் வரமுடியும். நான் அதே விமானத்தில் திரும்பிப் போகலாம். முடிவை ஒஸ்லோப் பக்கத்து அலுவலகம் எடுக்கும், அவர்கள் கேப்டனிடம் தொலைபேசியில் கேட்பார்கள். அதுவரைக்கும் நான் பின்கதவில் நிற்கக்கூடாது.

பிழை இரண்டு பேரிலும் இருந்தது, அது அறிக்கையிலும் இருந்தது. ஆனால் கேப்டனை மாற்றுவதைவிட லோட்மாஸ்டரை மாற்றுவது இலகு. நான் கோபப்படவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்து கணக்குப் பார்த்தாலும் அந்த விடைதான் வரும். ஆனால் பணியின் நடுவில் திருப்பி அனுப்பப்பட்டவளை அடுத்த பணிக்கு யாரும் கேட்டு வாங்குவதில்லை. எனக்குப் பின்கதவு வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன். அம்மா மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்கெண்டால் உன்னைத் திருப்பி அனுப்பினாச் சந்தோசம், பிள்ளை."

"தெரியும் அம்மா."

"ஆனா ஓம் எண்டு சொன்னதுக்காக அனுப்பினவங்கள் எண்டு நான் சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?" கொஞ்சம் யோசித்தார். "இல்லை எண்டு சொல்லிப் பாத்தனியோ?"

இல்லை என்பது நோர்வேக்காரர் காதில் 'மோசம்' என்பதற்கான சொல்போல விழும் என்று விளங்கப்படுத்தினேன். பின்னால் வழி கிடக்கோ? ஆல், மோசம்.

"அந்த மனுசனை முதல் ஒரு டொக்டரிட்டைக் காட்டச் சொல்லு," என்று அம்மா வைத்துவிட்டார்.

கோப்பை கழுவும் சட்டம்

சில்யேதான் சட்டம் போட்டாள். கோப்பி கவிழ்ந்தது அவள் மடியில், ஆகவே அவளுக்கு உரிமை உண்டு. யார் ஓம் சொன்னாலும், யார் மூச்சை இழுத்தாலும், கூடாரத்தில் உள்ள கோப்பைகளை எல்லாம் அவர் கழுவ வேண்டும்.

அதோடு நிற்காமல் பொறிக் கேள்விகளும் போட்டாள். சாப்பாட்டு வரிசையில் திடீரென்று, ஹோகுன், இண்டைக்கு மீனாமே? அவர் முகம் மலர்ந்து தோள் உயரும். கழுவுவார். அபி, உம்மட கயிறு இதுதானே? நான் சங்கிலி எண்ணிக்கொண்டிருப்பேன். கழுவுவேன்.

முதல் நாட்களில் ஹோகுன் முகாமுக்கே கழுவினார். பிறகு யாவை வெளியே விடப் பழகினார். பழக்கமில்லாத மனிதர், அளவு தெரியவில்லை. கடல்நாய் குரைப்பதுபோல 'யா!' என்று வெடிப்பார். ஒருநாள் சமையல்காரர் வாஃபல் மாவுக் கரண்டியைக் கீழே போட்டார்.

நான் என் பக்கத்தில் அம்மாவோடு கதைத்த கையோடு வேலைக்குப் போவதை நிறுத்தினேன். கதைத்துவிட்டு, அரைமணி நேரம் சில்யேயோடு இருந்து அவள் சொல்வதைக் கேட்பேன். அதற்குப் பிறகு தலைக்குள் தமிழ் என்ன, எந்த மொழியும் மிஞ்சாது.

நாங்கள் தேறிவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் சில்யேயின் சட்டம் மேஜருக்குத் தெரியாது. அலுவலகத்துக்கும் தெரியாது. அவர்களிடம் இருந்தது அந்தப் படமும் அறிக்கையும் மட்டும்.

ஸ்பீக்கரில் ஒரு குரல்

தொலைபேசி ஒரு முற்பகலில் வந்தது. ஹோகுன் என்னையும் வரச்சொன்னார். உம்மைப் பற்றிக் கதைக்கிறதை நீரும் கேக்க வேணும், என்றார். அவரளவில் அது ஒரு நீண்ட பேச்சு.

அலுவலகக் கூடாரத்தில் நாங்கள் இருவர் மட்டும். மேசையில் தொலைபேசி ஸ்பீக்கரில். குளிரூட்டியை நிறுத்தியிருந்தார், சத்தம் கேட்கட்டும் என்று. மறுமுனையில் ஒரு பெண் அதிகாரி. செய்தி வாசிப்பவர்போன்ற, எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத ஒஸ்லோ நோர்வேஜியம். அறிக்கை வாசித்தேன் என்றார். மூன்று கேள்விகள் இருக்கின்றன என்றார்.

சரக்குக் கட்டும் வேலையில் குறை ஏதும் உண்டா? இல்லை, என்றார் ஹோகுன், தெளிவாக.

குறையைத் திருத்த ஏதாவது செய்தீர்களா? ஹோகுன் கோப்பைச் சட்டத்தைச் சொல்லத் தொடங்கி, அது அதிகாரிக்குச் சொல்லக்கூடியதா என்று யோசித்து, பயிற்சி செய்தனாங்கள் என்று முடித்தார்.

"அப்ப கடைசிக் கேள்வி. இவவை உம்மட குழுவிலை தொடர்ந்து வைச்சிருக்க விருப்பமோ?"

ஹோகுன் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. தோள் உயர்ந்தது. வாய் சற்றே திறந்தது.

மூச்சை உள்ளே இழுத்தார்.

ஒரு வாரப் பயிற்சியும் போய்விட்டது. மனதில் உண்மையாக இருந்த சொல் என்பதால் பழைய வழியில் போய்விட்டதாக்கும். அவர் சொல்லி முடித்த நிம்மதியில் கதிரையில் சாய்ந்துவிட்டார். மறுமுனையில் எதையோ தட்டச்சு செய்யும் ஒலி. என்ன தட்டச்சு செய்கிறார்? கேப்டன் பதில் சொல்லவில்லை என்றா? விருப்பமில்லை என்றா?

நான் மேசைக்கு மேலால் பாய்ந்தேன்.

"அவர் யா எண்டு சொன்னவர்! யா எண்டுதான் சொன்னவர்!"

தட்டச்சு நின்றது.

"யார் கதைக்கிறது?"

"லோட்மாஸ்டர்."

"எந்த லோட்மாஸ்டர்?"

"நீங்கள் கேட்ட லோட்மாஸ்டர்," என்றேன். நோர்வேஜியத்தில் 'நீங்கள்' இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் நான் சொன்னது 'நீங்கள்'தான்.

பிறகு வந்த குரல் வேறு. செய்தி வாசிப்பவர் போய்விட்டார். ஹோகுனின் ஊர்ப்பேச்சு, அதே இழுவை, அதே கடற்கரை.

"எனக்கு முதல் தரமே கேட்டது, பிள்ளை. நானும் பின்மார்க்தான். அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தனான்."

ஹோகுன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த ஊர் என்று கேட்டார். அவர் சொன்னார். ஹோகுன் அந்த ஊரில் ஒரு படகுக்காரரை விசாரித்தார். என் வாழ்க்கை மேசையில் கிடக்க, இருவரும் அந்தப் படகுக்காரரின் இடுப்பு நாரிப்பிடிப்பைப் பற்றிக் கதைத்தார்கள்.

கடைசியில் அதிகாரிக்கு என் நினைவு வந்தது.

"லோட்மாஸ்டர், இன்னும் அங்கைதான் நிக்கிறீரோ?"

"நிக்கிறன்."

"மாற்று ஆளை அனுப்பமாட்டம். இனிப் பின்கதவிலை நிக்கிறதுக்கு நீர் தயார் எண்டு மேஜருக்கு எழுதலாமோ?"

எனக்குத் தொண்டைக்குள் இரண்டு மொழியும் ஒன்றாக வந்தன. ஓம் சொல்லக்கூடாது என்று ஒன்றை விழுங்கினேன். யாவைத் தேடினேன். தேடி முடிப்பதற்குள் என் தோள் தானாக உயர்ந்தது. 'ஹ்யா' என்று மூச்சு உள்ளே போனது.

ஹோகுன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றது ஸ்பீக்கர். "அதுவும் கேட்டது." வைத்துவிட்டார்.

ஹோகுன் எழும்பிக் குளிரூட்டியைப் போட்டார். வாசல்வரை போனார். பிறகு திரும்பி நின்றார்.

"எப்ப பழகினனீர்?"

"தெரியேல்லை."

"வடிவாய் வருது," என்றார். "மைக்கிலை மட்டும் வேண்டாம்."